ஏழுக்கு நான்கு

அரபு மொழியில் அரசியலைக் குறிக்கும் சொல் ‘சியாஸத்’ என்பதாகும். குதிரையைப் பேணுதல், பழக்குதல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லினின்று அது பிறந்தது. குதிரைக்காரனை ‘ஸாயிஸ்’ என அழைப்பதும் அவ்வேரின் வழியே வந்ததாகும். தன் பொறுப்பில் விடப்பட்ட உயிருக்குத் தீனியிட்டு, நோய் பார்த்து, இரவில் கொட்டிலில் சேர்ப்பவன் ஸாயிஸ். ஆள்வது என்பது பேணுவதே என்ற கருத்து அச்சொல்லுக்குள் பொதிந்து கிடக்கிறது. ஆயினும் பேணுதற்கு முன்னே ஒரு கேள்வி நிற்கிறது. பேணப்பட வேண்டியவர் யார்? அந்தப் பட்டியலை எழுதும் உரிமை எவருடையது?

மக்களாட்சியில் இக்கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது. மக்கள் அரசைத் தேர்ந்தெடுக்கின்றனர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே, ‘இன்னின்னார்தாம் மக்கள்’ என்று சட்டமியற்றத் தொடங்கினால் என்ன நேரும்? இதற்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நமது தருமபுரி மாவட்டத்தில் நாகாவதி அணை, தும்பலஹள்ளி அணை ஆகியவற்றை அடுத்து இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அங்கே வாழ்வோர் ஏன் அங்கே வாழ்கின்றனர் என்ற வரலாற்றைத் தேடிப் புறப்பட்டால், இலங்கையின் அரசியல் விஞ்ஞானி ஒருவரின் நூல்களில் போய் நிற்போம். அவர் பேராசிரியர் ஏ. ஜெயரத்தினம் வில்சன்.

பேராசிரியரும் அவர் காலமும்

1928ஆம் ஆண்டில் பிறந்த வில்சன், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானத் துறையின் முதற் பேராசிரியராக விளங்கியவர். தமிழரசுக் கட்சியை நிறுவிய எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மருமகன். 1972ஆம் ஆண்டில் கனடா சென்று நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2000ஆம் ஆண்டில் கனடாவிலேயே காலமானார். நூலறையோடு நின்றுவிட்ட அறிஞர் அல்லர் அவர். 1978ஆம் ஆண்டிலிருந்து 1983 வரை, குடியரசுத் தலைவர் ஜே.ஆர். ஜெயவர்தனாவுக்கும் தமிழர் தலைவர்களுக்கும் இடையே தூது சென்று, நாடு பிளவுபடாமல் காக்கும் வழி ஒன்றைக் காண உழைத்தார். 1980இல் வெளியான அவரது நூல், இலங்கையின் புதிய அரசியலமைப்பைப் பிரான்சு நாட்டின் தெகோல் முறையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தது. 1988இல் வெளியான நூலுக்கோ ‘இலங்கையின் உடைவு’ என்று பொருள்படும் பெயரை இட்டார். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அந்நாட்டுக்கு நேர்ந்தது என்ன என்பதை அவ்விரு பெயர்களே நமக்குச் சொல்லிவிடுகின்றன.

அவர் மீண்டும் மீண்டும் சுட்டிய தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று, மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்ட நிகழ்ச்சியாகும். அந்த மக்கள் யாவர் என்பதை முதலில் அறிவோம்.

சேலத்துச் சீமையிலிருந்து

தருமபுரி தனி மாவட்டமானது 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாளில்தான். அதற்கு முன்னர் அது சேலம் மாவட்டத்தின் பகுதியாகும். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் திரட்டிய கங்காணிகள் திருச்சி, மதுரை, தஞ்சை மாவட்டங்களோடு சேலத்தையும் தம் களமாகக் கொண்டிருந்தனர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சேலத்துச் சீமையை வாட்டியதை நாம் அறிவோம். நிலம் பிளந்த ஊரிலிருந்து, முன்பணம் தந்தவன் பின்னால் குடும்பம் குடும்பமாக மக்கள் நடந்தனர். கடல் கடந்து, காடு கடந்து, மலையேறி, லயங்களில் குடியேறினர். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தனர், அங்கேயே மடிந்தனர்.

மறுபக்க நியாயத்தையும் மறைக்காமல் கூறுதல் வரலாறு எழுதுவோர் கடமை. 1840ஆம் ஆண்டின் சட்டமொன்றால் கண்டிப் பகுதியின் பொதுநிலங்களை ஆங்கில அரசு தனதாக்கிக் கொண்டு, தோட்டக்காரர்களுக்கு விற்றது. மலைச்சரிவுகளை இழந்த சிங்கள விவசாயிக்குத் தன் கண்முன் நின்றவன் இலண்டனில் இருந்த முதலாளி அல்லன். கொழுந்து பறிக்க வந்த தமிழனே. அவன் உள்ளத்தில் எழுந்த அச்சம் மெய்யானது. ஆனால் அவ்வச்சத்துக்குக் காரணமானோர் வேறு; அதற்கு விலை கொடுத்தோர் வேறு.

வாக்குச் சீட்டும் வரம்பும்

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றனர். சௌமியமூர்த்தி தொண்டைமானும் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் இருவர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன. மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிலே பிறந்தவனாயினும், தன் தந்தையும் இலங்கையிலே பிறந்தவர் என்று மெய்ப்பிக்க வேண்டும்; அன்றேல் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தனர் எனக் காட்ட வேண்டும். லயத்து அறையில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்?

1949ஆம் ஆண்டில் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வாயிலில் மனுவோடு நின்றனர். ஏறத்தாழ 1,34,000 பேரே உள்ளே செல்ல முடிந்தது. அதே ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடிமகன் அல்லாதாரின் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீங்கிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் வாக்கால் நாடாளுமன்றம் சென்றவர் ஒருவருமில்லை. தொண்டைமான் மீண்டும் தேர்தலில் வென்றது 1977ஆம் ஆண்டில்தான்.

வில்சன் போன்ற அறிஞர்கள் எடுத்துக்காட்டிய நுட்பம் இங்கேதான் இருக்கிறது. 75,000 மக்களுக்கு ஒரு தொகுதி, ஆயிரம் சதுர மைலுக்கு ஒரு தொகுதி என்ற கணக்கில் மாகாணங்களுக்குத் தொகுதிகள் வகுக்கப்பட்டன. கணக்கில் கொள்ளப்பட்டது மக்கள்தொகை. வாக்காளர் தொகை அன்று. ஆகவே, மலையகத் தமிழன் தொகுதியை உண்டாக்குவதற்கு எண்ணப்பட்டான். பிரதிநிதியைத் தேர்வதற்கு எண்ணப்படவில்லை. அவன் தலையால் உண்டான இடத்தில் வேறொருவர் அமர்ந்தார். பெரும்பான்மையின் பலம் அதன் தொகைக்கும் மேலாகப் பெருகியது. தேர்தல் முறையாக நடந்தது. வாக்குகள் நேர்மையாக எண்ணப்பட்டன. ஆயினும் முடிவு தேர்தலுக்கு முன்னரே பாதி எழுதப்பட்டுவிட்டது.

சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தாரை மட்டும் பாதிக்கும் சட்டத்தைத் தடுக்கும் என்று சிறுபான்மையினர் நம்பியிருந்தனர். வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1953ஆம் ஆண்டில் அம்மன்றம், சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஏட்டில் இருக்கும் காவல் எப்பொழுதும் வீட்டுக் காவலாகிவிடுவதில்லை.

ஏனைய சிறுபான்மையினர் அந்நாளில் என்ன செய்தனர்? தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் முதற் சட்டத்தை எதிர்த்தார். சில வாரங்களிலேயே அமைச்சரவையில் சேர்ந்தார். இரண்டாம் சட்டத்தை ஆதரித்தார். முஸ்லிம்களின் தலைவராகப் போற்றப்பட்ட டி.பி. ஜாயாவும் அந்த அமைச்சரவையில் இருந்தார். செல்வநாயகமோ பிரிந்து சென்று, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று தோட்டத் தமிழருக்கு வந்தது நாளை மொழியின் பெயரால் நமக்கும் வரும் என்பது அவர் எச்சரிக்கையின் சாரம். 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபொழுது, அவ்வெச்சரிக்கைக்குப் பொருள் விளங்காதார் எவருமிலர்.

கள்ளத்தோணி

உள்ளே இருப்போரை அயலார் ஆக்கிய அரசு, வெளியிலிருந்து வருவோரைத் தடுக்கக் கடற்கரைக்குப் படையை அனுப்பியது. 1952ஆம் ஆண்டில் தொடங்கிய ‘மான்டி நடவடிக்கை’, 1963ஆம் ஆண்டில் தனிப் படைப்பிரிவாக விரிந்து 1981 வரை நீடித்தது. எந்த நாட்டுக்கும் தன் எல்லையைக் காக்கும் உரிமை உண்டு. அதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் கடலோரத்தில் தொடங்கிய சோதனை கடலோரத்தில் நின்றுவிடவில்லை. ‘கள்ளத்தோணி’ என்ற சொல் தோணியில் வந்தவனை மட்டும் சுட்டவில்லை; நான்கு தலைமுறையாகத் தோணியையே காணாத தோட்டத் தொழிலாளியின் மேலும் அது ஒட்டிக்கொண்டது. காயல்பட்டினம், கீழக்கரை முதலான ஊர்களிலிருந்து கொழும்பில் வணிகம் செய்து வந்த நம் சமுதாயத்தாரும் அச்சொல்லின் வீச்சுக்குத் தப்பவில்லை. அச்சட்டத்தின் பெயரில் ‘பாகிஸ்தானிய’ என்ற சொல்லும் இருந்ததை ஈண்டு நினைவு கூர்தல் தகும்.

இரு தலைநகர்களுக்கு இடையே

நேரு, இம்மக்கள் இலங்கையின் பொறுப்பே என்ற நிலையில் நின்றார். 1954ஆம் ஆண்டில் கொத்தலாவலையுடன் ஒப்பந்தம் ஒன்று செய்தபொழுதும் அந்நிலையைக் கைவிட்டாரில்லை. பின்னர்க் காலம் மாறியது. 1962ஆம் ஆண்டில் சீனப் போர் நிகழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆறு அணிசேரா நாடுகளைக் கொழும்பில் கூட்டிச் சமரசம் பேசியவர் சிறிமாவோ பண்டாரநாயக்கா. அண்டை நாடுகளின் நல்லெண்ணம் டில்லிக்கு முன்னிலும் தேவைப்பட்ட நேரம் அது. 1964 மே மாதம் நேரு மறைந்தார். அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம். 1974ஆம் ஆண்டில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அவர்களையும் ஆளுக்கு 75,000 என்று பகிர்ந்துகொண்டனர். இந்தியாவுக்கு ஏழு பேர் என்றால், இலங்கையில் நான்கு பேருக்குக் குடியுரிமை. இதுவே நடைமுறை விகிதமாயிற்று. தம்மைக் கலந்து பேசாமலே தம் மக்களின் விதி முடிவு செய்யப்பட்டதாகத் தொண்டைமான் கண்டித்தார். ஏழில் அண்ணன் வந்தான். நான்கில் தம்பி நின்றான். மலைநாட்டிலிருந்து அவர்களை ஏற்றிவந்த புகைவண்டிக்கு அம்மக்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்டு, நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கும், நூற்பாலைகளுக்கும், பாட்டன் விட்டுச் சென்ற பெயர் மறந்த ஊர்களுக்கும் பிரிந்து சென்றனர்.

இரு அரசுகளும் நண்பர்களாயின. அந்நட்புக்குரிய விலையைச் செலுத்தியவர்களோ, இரு நாட்டிலும் வாக்கில்லாத மக்கள். வெளிநாட்டுக் கொள்கை என்பது தூதரகங்களின் தனிக்கலை என்று நாம் எண்ணிவிடுகிறோம். உள்நாட்டில் எவருக்குக் குரல் இல்லையோ, அவரே வெளிநாட்டு மேசையில் விலையாக வைக்கப்படுகிறார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இன்றைய கணக்கு

1983ஆம் ஆண்டின் இனக்கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்தோருள் ஈழத் தமிழரோடு மலையகத்தாரும் கணிசமாக இருந்தனர். இலங்கை 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியது. பழைய பிழையை ஒரு நாடு சட்டத்தாலேயே திருத்திக்கொள்ள முடியும் என்பதற்கு அது சான்று, பாராட்டத்தக்கதே. தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் இன்றும் உள்ளன. 2021ஆம் ஆண்டில் அவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றம் கிடைத்தது. குடியுரிமைக் கேள்வி மாறவில்லை. 1987 ஜூலை முதல் நாளிலிருந்து, இந்திய மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. பெற்றோர் எவர் என்பதையும் நம் சட்டம் கேட்கிறது. இலங்கை 1948இல் தோட்டத்துப் பிள்ளையிடம் கேட்ட கேள்வியின் உறவுக் கேள்வி இது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளையும் ஆறு சமயங்களையும் பெயர் கூறி வரிசைப்படுத்தியது. அவ்வரிசையில் இலங்கை இல்லை, முஸ்லிம்களும் இல்லை.

இப்னு கல்தூன் தமது ‘முகத்திமா’வில், அநீதி எவ்வாறு நாட்டின் செழிப்பை அழிக்கிறது என்பதற்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். பொருளைப் பறிப்பது மட்டும் அநீதி அன்று. மக்களின் உழைப்பை முறையின்றிக் கொள்வதும் பெரும் அநீதியே என்று அங்கே விளக்குகிறார். தேயிலையின் உழைப்பை ஏற்று, உழைத்தவனின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்த நாட்டில் அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை எண்ணுங்கால், அப்பேரறிஞரின் நுண்ணறிவு நம்மை வியக்க வைக்கிறது.

பிறருடைய பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்பொழுது, ‘நம் பெயர் இருக்கிறதல்லவா’ என்று ஆறுதல் கொள்வது எளிது. 1948ஆம் ஆண்டில் கொழும்பில் பலர் அவ்வாறே ஆறுதல் கொண்டனர். நம் மாவட்டத்து அணைக்கரைகளில், தமிழ்நாட்டிலேயே பிறந்து, நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் தமிழ் படித்து, பதினெட்டு வயது நிறைந்தும் வாக்காளர் பட்டியலில் இடம் பெறாத இளைஞர்கள் இருக்கின்றனர். அவர்களின் முன்னோருள் எத்தனை பேர் பழைய சேலம் மாவட்டத்து மண்ணிலிருந்து சென்றனரோ! அவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள், வாக்கு உடைய நாமே. தேர்தல் நாளில் நம் வாயில் தேடி வரும் வேட்பாளரிடம் அந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போமாக.