நீலகிரி வேட்டையும் ஈயக் குண்டு அச்சும்: வாய்வழி கிட்டிக்கும் துப்பாக்கிக் காலத்தின் ஒரு தெரிவு

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு நீலகிரி வேட்டையைப் பற்றிய எழுத்துகள் துப்பாக்கியையும் வேட்டையாடியவரையும் சட்டத்தையும் பேசுகின்றன. குண்டு வார்க்கும் அச்சைப் பேசுவதில்லை. குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கிட்டித்த காலத்தில் எந்த விலங்கை, எவ்வளவு தொலைவில், எத்தகைய ஈயத்தால் வீழ்த்தலாம் என்பதை அச்சே வரையறுத்தது என இக்கட்டுரை வாதிடுகிறது. நீலகிரியின் நிலவமைப்பும் அண்டை மலைநாடான நுவரெலியாவிலிருந்து கிடைக்கும் சான்றும் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நீலகிரி, வேட்டை வரலாறு, குண்டு அச்சு, காரீயம், வரையாடு, சாமுவேல் பேக்கர்

முன்னுரை

குண்டு அச்சு என்பது தோற்றத்தில் ஒரு குறடு. இரு தாடைகளும் சேரும் இடத்தில் குண்டின் வடிவம் குடையப்பட்டிருக்கும். மேலே ஈயம் ஊற்ற ஒரு துளை இருக்கும். ஆங்கிலேயத் துப்பாக்கிப் பெட்டிகளில் மருந்துக் குடுவை, கிட்டிக்கோல் ஆகியவற்றோடு அச்சும் ஓர் உறுப்பாக வைக்கப்பட்டது. அதன்மேல் ஓர் எண் பொறிக்கப்படுவதும் உண்டு. துப்பாக்கியின் எண் 14 எனில் அச்சின் எண் 15 ஆக இருப்பதைக் காணலாம். இது பிழையன்று. ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டைகள் வார்க்கலாம் என்பதே அக்கால அளவுமுறை. 14ஆம் எண் குழலின் விட்டம் ஏறத்தாழ 17.6 மில்லிமீட்டர், 15ஆம் எண் உருண்டையின் விட்டம் 17.2 மில்லிமீட்டர். எஞ்சிய இடைவெளியை எண்ணெயோ கொழுப்போ தோய்த்த துணி நிரப்பும். எண் ஏற ஏறக் குண்டு சிறுக்கும் இம்முறையை அறியாதார் பழைய வேட்டை நூல்களைத் தலைகீழாகப் படித்துவிடக்கூடும்.

நிலமும் தொலைவும்

1819இல் ஜான் சல்லிவன் மலையேறிய பின் உதகையைச் சூழ்ந்து வெள்ளையர் குடியிருப்பு வளர்ந்தது. அவர்கள் கண்ட நிலம் இரு கூறுகளாக இருந்தது. மேட்டுப் பரப்பில் திறந்த புல்வெளி. மடிப்புகளில் இருண்ட சோலை. புல்வெளி விளிம்பின் பாறைச் சரிவுகளில் வரையாடு மேய்ந்தது; சோலையோரத்தில் கடமான் நின்றது. வடக்கே இறங்கினால் சீகூர், முதுமலைக் காடுகளில் யானையும் காட்டெருமையும் இருந்தன. (வரையாட்டை 'ஐபெக்ஸ்' என்றும் கடமானை 'எல்க்' என்றும் அவர்கள் எழுதினர். இரண்டும் தவறான பெயர்களே எனினும், அவற்றை அறியாமல் அந்நூல்களைப் பயன்படுத்த இயலாது.)

இந்நிலம் ஒரே துப்பாக்கியிடம் முரண்பட்ட இரு பணிகளைக் கேட்டது. வரையாடு தொலைவிலிருந்தே ஆளைக் கண்டுகொள்ளும். அதற்கு நெடுந்தொலைவு வேகம் குன்றாமல் செல்லும் குண்டு வேண்டும். யானையையோ சோலைக்குள் காட்டெருமையையோ சில பத்து அடிகளில் எதிர்கொள்ள நேரும். அங்கே எலும்பை ஊடுருவும் கனமே தேவை. முதல் பணிக்கு நீள்வடிவக் குண்டு ஏற்றது. இரண்டாவதற்குப் பெரிய உருண்டை.

கணக்கு எளிது. 12ஆம் எண் உருண்டை ஏறத்தாழ 38 கிராம் எடையுள்ளது. 1853ஆம் ஆண்டு வகை என்ஃபீல்டு துப்பாக்கியின் நீள்குண்டு ஏறத்தாழ 34 கிராம். எடை நெருங்கி வந்தாலும் முன்னதன் விட்டம் 18.5 மில்லிமீட்டர், பின்னதன் குழலோ 14.7 மில்லிமீட்டர் மட்டுமே. குறுகிய முகத்தோடு காற்றைக் கிழிக்கும் நீள்குண்டு தொலைவில் வேகத்தைக் காக்கும். பருத்த உருண்டை அருகில் பெரும் காயம் செய்யும். ஆனால் தொலைவு கூடக் கூட விரைந்து தளரும்.

அச்சும் ஈயமும்

அச்சைத் தேர்ந்தவர் அத்துடன் ஈயத்தையும் தேர்ந்தவர் ஆனார் என்பதே இங்கு வலியுறுத்த வேண்டியது. நீள்குண்டுகளுள் பெருவழக்கான மினியே வகைக்கு அடிப்பகுதி குழிவாக இருக்கும். அச்சினுள் ஒரு முளை நின்று அக்குழியை உண்டாக்கும். மருந்து வெடிக்கும்போது குழியின் சுவர்கள் விரிந்து குழலின் வரிப்பள்ளங்களைப் பற்றும். தளர்வாக உள்ளே இறங்கி இறுக்கமாக வெளியேறுவது அதன் சிறப்பு. இது நிகழ ஈயம் மென்மையாக இருந்தாக வேண்டும். கடினமாக்கிய ஈயத்தை அவ்வச்சில் ஊற்றினால் சுவர் போதிய அளவு விரியாது. குண்டு சுழற்சி பெறாது. ஆனால் மென்மையான ஈயம் யானையின் மண்டையோட்டில் நசுங்கிவிடும். ஆகவே யானைக்கெனக் கடின ஈயம் வேண்டியவர் துணி சுற்றிய உருண்டைக்கோ வளையமிட்ட உருண்டைக்கோ திரும்ப வேண்டியிருந்தது.

தமிழ்ச் சொல்வழக்கு இங்குச் சற்றுத் தடுமாறச் செய்யும். பேச்சில் இரண்டையும் ஈயம் என்கிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, குண்டு காரீயத்தால் ஆனது. காரீயத்தைக் கடினப்படுத்தச் சேர்த்த பொருள்களுள் ஒன்று அதே வெள்ளீயம். அதன் குறை, காரீயத்தைவிட எடை குறைந்தது என்பது.

இச்சிக்கலுக்கு மிகத் தெளிவான சான்று நீலகிரியிலன்று, 1848 முதல் நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கரிடம் கிடைக்கிறது. புல்வெளியும் சோலையும் குளிரும் ஒத்த மலைநாடு அது. இலங்கை வேட்டை பற்றிய அவர் நூல் 1854இல் வெளிவந்தது. பிரிஸ்டல் நகரக் கிப்ஸ் 1840இல் அவருக்குச் செய்தளித்த பெருந்துப்பாக்கியை 1890இல் எழுதிய நூலிலும் அவர் மறக்கவில்லை: எடை 21 பவுண்டு, குழல் 36 அங்குலம், மருந்து 16 டிராம், அதாவது ஏறத்தாழ 28 கிராம். அதற்கு இருவகைக் குண்டுகள் இருந்தன. ஒன்று 3 அவுன்சு வளைய உருண்டை. மற்றது 4 அவுன்சு கூம்புக் குண்டு. ஒரே குழலுக்கு இரு அச்சு வடிவங்கள். கடமானைப் பேக்கர் வேட்டை நாய்களோடு துரத்திக் கத்தியால் கொன்றவர் ஆதலின், இப்பெருங்குண்டுகள் யானைக்கும் எருமைக்கும் உரியவை எனக் கொள்ளலாம்.

பின்னர் அபிசீனியப் பயண நூலில் (1867) அவர் தரும் கலவை ஒன்பது பங்கு காரீயமும் ஒரு பங்கு பாதரசமும் ஆகும். வெள்ளீயம் எடையைக் குறைக்க, பாதரசம் எடையைக் காத்துக் கடினமும் தரும் என்பது அவர் காரணம். காரீயம் உருகுவது 327 பாகை செல்சியசில். பாதரசம் கொதிப்பது 357இல். அதனால் காரீயத்தைத் தனியே காய்ச்சி, மூன்று நான்கு குண்டுகளுக்கு வேண்டிய அளவு அகப்பையில் எடுத்து, அதில் மட்டும் பாதரசத்தை விரைந்து கலக்கச் சொல்கிறார். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களின் நிலையைப் பற்றி அக்கால வேட்டை நூல்கள் கவலைப்படுவதில்லை.

உருண்டையின் மறுவரவு

நீள்குண்டே முன்னேற்றம், உருண்டை பழமை என்று ஆயுத வரலாறுகள் எழுதுவது இந்தியக் காட்டுக்குப் பொருந்தாது. வங்கப் படைப்பிரிவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபோர்சித் 1860களின் தொடக்கத்தில் வெளியிட்ட வேட்டைத் துப்பாக்கி பற்றிய நூலில் உருண்டையின் பக்கமே நின்றார். வரிப்பள்ளங்கள் எட்டடிக்கும் மிகுந்த நீளத்தில் ஒரே சுற்றாக மெல்லத் திரும்பினால், உருண்டை பள்ளத்தை விட்டு நழுவாமல் மிகுந்த மருந்தைத் தாங்கும். காட்டில் சுடும் தொலைவுக்குள் அதன் பாதை தாழாது நேராக இருக்கும் என்பது அவர் வாதம். தொலைவைக் கணிப்பதில் நேரும் பிழையே வேட்டைக்காரனின் முதற்பகை என்பதை அவர் சரியாகவே கண்டார். அவர் அறிந்தது நடு இந்தியக் காடு. மரமற்ற வரையாட்டுச் சரிவுகளில் இவ்வாதம் முழுதும் செல்லும் என நான் கருதவில்லை; முதுமலைக்கும் சோலையோரத்துக்கும் நன்கு செல்லும்.

மழைக்காலமும் இத்தெரிவில் பங்கு கொண்டது. கரிமருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சும். சில சூடுகளுக்குப் பின் இறுக்கமான குண்டு உள்ளே இறங்காது. 1837ஆம் ஆண்டின் பிரன்ஸ்விக் துப்பாக்கி வளைய உருண்டைக்குப் பெயர்பெற்றது. கசடு படிந்தபின் கிட்டிக்கக் கடினம் என்ற அவப்பெயரும் அதற்கே உண்டு. சற்றுச் சிறிய அச்சும் தடித்த துணியும் கொண்டவருக்கு இத்தொல்லை குறைவு. துணியை மாற்றினால் இறுக்கமும் மாறும்.

அச்சின் மறைவு

டக்ளஸ் ஹாமில்டனின் தென்னிந்திய வேட்டைப் பதிவுகள் 1892இல் அச்சேறின. ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் 1844 முதல் 1870 வரை எழுதிய குறிப்பேடுகளே அவற்றின் மூலம். வாய்வழி கிட்டிப்பதிலிருந்து பின்வழித் தோட்டாவுக்கு வேட்டை மாறிய காலம் இதுவே. மாற்றத்தின் விளைவுகளும் தொடர்ந்தன: சென்னை மாகாணத்தின் காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் 1873இல் வந்தது, 1877இல் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கம் தோன்றியது, 1879இன் இரண்டாம் சட்டம் நீலகிரி விலங்குகளையும் மீன்களையும் காக்க முனைந்தது. விலங்கு குறைந்ததற்குப் பின்வழித் துப்பாக்கியின் விரைவைக் காரணம் காட்டுவது வழக்கம். ஆனால் சல்லிவன் காலம் முதல் 1860கள் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இம்மலையில் வெடித்தவை பெரும்பாலும் அச்சில் வார்த்து வாய்வழியே கிட்டித்த குண்டுகள் என்பதை அவ்விளக்கம் மறந்துவிடுகிறது.

பின்வழித் துப்பாக்கி வந்ததும் அச்சு மறைந்துவிடவில்லை. வெற்றுத் தோட்டாக்களில் தாமே குண்டு வார்த்து அடைத்தவர் பலர். அதை அகற்றியது புகையற்ற கார்டைட் மருந்து. அது தரும் வேகத்தில் வெறும் ஈயம் வரிப்பள்ளத்தில் உரிந்துபோகும். செம்பு, நிக்கல் கலந்த உறை வேண்டும். உறையிட்ட குண்டை அடுப்பங்கரையில் வார்க்க முடியாது. அந்தக் கார்டைட்டைச் செய்ய 1903–04 காலப்பகுதியில் நிறுவப்பட்ட ஆலை, குன்னூருக்கும் உதகைக்கும் இடையே, அரவங்காட்டில் எழுந்தது.