சாம்பலின் ஊரும் ஆணையத்தின் நாற்காலியும்



அண்ணனின் பெயரால் நடக்கும் இந்த நினைவுச் சொற்பொழிவில் கவிதையைப் பற்றிப் பேசினால் போதும் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் மின்சாரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணமும் அண்ணன்தான். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் அவர். ஈ.பி. அட்டையின் பின்பக்கம் காலியாக இருந்தால் அதிலும் நாலு வரி எழுதிவிடுவார். ஒருநாள் அந்த அட்டையைத் திருப்பிக் காட்டி, "ஏம்மா, யூனிட்டுக்கு இவ்ளோன்னு எவன் முடிவு பண்றான்? நீ எம்.ஏ. படிச்சவதானே, சொல்லு" என்றார். "அரசாங்கம்தாண்ணா" என்றேன். அது முழுப்பதில் இல்லை என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. சமூகவியல் வகுப்பில் அதிகாரத்தைப் பற்றி நிறையப் படித்தோம். மின்கட்டணப் பட்டியலை ஒருநாளும் எடுத்துப் படித்ததில்லை.

முழுப்பதில் இதுதான். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1999இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கப்பட்டது. இப்போது அது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி இயங்குகிறது. வீட்டுக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு என்று விலை வைப்பது அந்த ஆணையம். அதன் நாற்காலிகள் மூன்று. அவற்றில் உட்கார வேண்டியவர்களின் பெயர்களை ஒரு தேர்வுக்குழு அரசுக்குப் பரிந்துரைக்கும். உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவர், மாநிலத் தலைமைச் செயலாளர், மத்திய மின்சார அமைப்பு ஒன்றின் தலைவர் ஆகிய மூவர்தான் அந்தக் குழு. பொறியியல், நிதி, வணிகம், பொருளாதாரம், சட்டம், நிர்வாகம் ஆகியவற்றில் அறிவு வேண்டும் என்கிறது சட்டம். இட ஒதுக்கீடு பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. சாம்பல் குட்டைக்குப் பக்கத்தில் முப்பது வருடம் குடியிருந்த அறிவு எந்தத் துறையில் சேரும் என்றும் அது சொல்லவில்லை.

இதே நாற்காலிக்கு மக்கள் ஓட்டுப் போட்டால் என்ன ஆகும்? இது கற்பனைக் கேள்வி அல்ல. அமெரிக்காவில் பத்து மாநிலங்களில் மின்கட்டண ஆணையர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அவற்றில் ஜார்ஜியாவின் கதை நமக்கு மிக நெருக்கமானது. அது கறுப்பின மக்களின் கதை, கூடவே இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வெளியே நின்ற ஒருவரின் கதை.

ஜார்ஜியாவில் 1879இல் ரயில் கட்டணத்தைக் கட்டுப்படுத்த ஓர் ஆணையம் வந்தது. 1922இல் அது பொதுச்சேவை ஆணையம் என்று பெயர் மாறியது. ஆணையர்களை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்ற ஏற்பாடு 1906இல் வந்தது. அந்த ஆண்டு அங்கே வேறு என்ன நடந்தது என்றும் பாருங்கள். ஹோக் ஸ்மித் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டு இரண்டு வாக்குறுதிகளைச் சேர்த்தே கொடுத்தார். ஒன்று, ரயில் முதலாளிகளை அடக்குவேன். இன்னொன்று, கறுப்பர்களின் ஓட்டைப் பறிப்பேன். செப்டம்பரில் அட்லாண்டாவில் கறுப்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். 1908இல் எழுத்தறிவுச் சோதனை போன்ற நிபந்தனைகளோடு வாக்குரிமைத் திருத்தம் வந்தது. மின்சாரக் கட்டணத்தை மக்களின் கையில் கொடுத்தவர்களே 'மக்கள்' என்ற சொல்லிலிருந்து கறுப்பர்களைக் கழித்துவிட்டார்கள். சனநாயகமும் விலக்கலும் ஒரே மேடையில் கைகோத்து நின்ற காட்சி அது. நம்மூர் வரலாறு தெரிந்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது.

நூறு வருடம் தாண்டி 2008க்கு வருவோம். ஜார்ஜியாவின் தென்மேற்கில் கெய்ரோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. பேஸ்பால் விளையாட்டின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் பிறந்த ஊர். அங்கிருந்து ஜான் மாண்ட்ஸ் என்ற கறுப்பினத்தவர் ஆணையத்தின் முதலாம் பகுதி இடத்துக்கு நின்றார். மார்ட்டின் லூதர் கிங் படித்த மோர்ஹவுஸ் கல்லூரியில் படித்தவர். கறுப்பின உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உள்ளூர்க் கிளையில் பொறுப்பில் இருந்தவர். நின்றது குடியரசுக் கட்சியிலும் இல்லை, சனநாயகக் கட்சியிலும் இல்லை. 1971இல் தொடங்கிய லிபர்டேரியன் கட்சி என்ற மூன்றாம் கட்சியில். சனநாயகக் கட்சி அந்த இடத்துக்கு ஆளே நிறுத்தவில்லை. பதவியில் இருந்த குடியரசுக் கட்சியின் டக் எவரெட்டும் மாண்ட்ஸும் மட்டுமே வாக்குச்சீட்டில் இருந்தார்கள்.

மாண்ட்ஸ் தோற்றார். ஆனால் மூன்றில் ஒரு பங்கு ஓட்டு வாங்கினார். 10 லட்சத்து 76 ஆயிரத்துக்கும் மேல். அந்தக் கட்சியின் வரலாற்றில் எந்தப் பதவிக்கு நின்றவரும் அதுவரை பத்து லட்சத்தைத் தொட்டதில்லை. அதை முதலில் தாண்டியவர் ஒரு கறுப்பினத்தவர், அதுவும் மின்கட்டண நாற்காலிக்காக.

உடனே கைதட்டிவிட வேண்டாம். அதே நாளில் அதே மாநிலத்தில் ஒபாமா வாங்கிய ஓட்டு 18 லட்சத்துக்கும் மேல். மாண்ட்ஸுக்குப் போட்டவர்கள் அத்தனை பேரும் ஒபாமாவின் ஆட்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஒபாமாவுக்கு முத்திரை குத்திய ஏழு லட்சம் பேர் வாக்குச்சீட்டின் கீழே இருந்த அந்தப் பெயர் வரைக்கும் வரவில்லை. வந்தவர்களிலும் பலர் மாண்ட்ஸ் யார் என்று தெரிந்து போட்டிருக்க மாட்டார்கள், எதிரே வேறு ஆள் இல்லாததால் போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். 2010இல் அவர் ஆளுநர் பதவிக்கு நின்றார். ஜார்ஜியாவின் பொதுத்தேர்தல் வாக்குச்சீட்டில் அந்தப் பதவிக்கு இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். இரண்டு பெரிய கட்சிகளும் களத்தில் இருந்த அந்தத் தேர்தலில் கிடைத்தது சுமார் நான்கு சதவீதம்தான். அவருடைய கட்சியின் கொள்கையும் நம்முடையது அல்ல. அரசு சுருங்க வேண்டும், சந்தை தீர்மானிக்க வேண்டும் என்பது அவர்கள் பக்கம். நமக்கு மின்சாரம் பற்றி வேறொரு மரபு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். இருந்தும் அந்தப் பத்து லட்சத்தை நான் முக்கியமாக எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய எதிர்க்கட்சியே ஆள் நிறுத்தத் தேவையில்லை என்று விட்ட ஒரு நாற்காலியை, 'அதுவும் அரசியல்தான்' என்று ஒருவர் கைநீட்டிக் காட்டினார்.

மூன்றாம் கட்சி என்பது இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி. அதையும் மறைக்கக் கூடாது. 2006இல் இதே ஆணையத்தில் டேவிட் பர்ஜெஸ் என்ற கறுப்பின ஆணையர் இருந்தார். 1999இல் நியமிக்கப்பட்டு 2000இல் மக்கள் ஓட்டில் வென்றவர். 2006 நவம்பரில் அவர்தான் முன்னிலையில் இருந்தார். ஆனால் லிபர்டேரியன் வேட்பாளர் ஒருவர் ஓட்டைப் பிரித்ததில் பாதியைத் தாண்ட முடியவில்லை. டிசம்பரில் மறுவாக்குப்பதிவு வந்தது. கூட்டம் குறைந்த அந்த நாளில் குடியரசுக் கட்சியின் சக் ஈட்டனிடம் தோற்றார். பாதிக்கு மேல் வேண்டும் என்ற அந்த விதி 1964இல் வந்தது. கறுப்பர்கள் ஒன்றுசேர்ந்து ஒருவருக்கே போட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் பிறந்த விதி அது. தனித்து நின்றால் ஓட்டுப் பிரியும், கூட்டணியில் கரைந்தால் குரல் போகும். ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பின் காலத்திலிருந்து நாம் இந்தச் சந்தியில்தான் நிற்கிறோம். சென்னையின் மேயராகவும் அந்தக் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்த என். சிவராஜ் முன்னாலும் இதே சந்திதான் இருந்தது.

இன்னொரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். ஜார்ஜியாவில் ஆணையத்துக்கு ஐந்து பகுதிகள். வேட்பாளர் தன் பகுதியில் குடியிருக்க வேண்டும். ஆனால் ஓட்டுப் போடுவது அந்தப் பகுதி அல்ல, மாநிலம் முழுவதும். அட்லாண்டாவின் கறுப்பின மக்கள் தங்கள் பகுதிக்கு ஒருவரை விரும்பினாலும் மாநிலப் பெரும்பான்மை வேறொருவரை அந்தப் பகுதியின் பெயராலேயே உட்கார வைக்கலாம். படித்தபோது 1932 செப்டம்பர் 24 நினைவுக்கு வந்தது. பூனா ஒப்பந்தம். தொகுதி நம் பெயரில், ஓட்டு ஊரார் கையில். முதல் சுற்றில் நம் மக்கள் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம், அந்த நால்வரில் யார் என்பதைக் கடைசியில் பொதுத்தொகுதி முடிவு செய்யும். சென்னை மாகாணத்துக்கு அப்படி 30 இடங்கள் கிடைத்தன. அந்த இடங்களில் உட்கார்ந்தவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்று அம்பேத்கர் 1945இல் ஒரு புத்தகமே எழுதினார்.

ஜார்ஜியாவில் 2020இல் கறுப்பின வாக்காளர்கள் நான்கு பேர் இந்த முறையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2022 ஆகஸ்டில் மாவட்ட நீதிமன்றம் இது வாக்குரிமைச் சட்டத்தை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டுத் தேர்தல் நின்றது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. 2024இல் உச்சநீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. முறை மாறவில்லை. ஆனால் தள்ளிப்போன தேர்தல் 2025 நவம்பரில் நடந்தபோது, ஏறிக்கொண்டே போன மின்கட்டணத்தில் கொதித்திருந்த மக்கள் சனநாயகக் கட்சியின் இருவரைப் பெரும் வித்தியாசத்தில் வெல்ல வைத்தார்கள். அவர்களில் ஒருவர் அலிசியா ஜான்சன், கறுப்பினப் பெண். மாண்ட்ஸின் தேர்தலில் ஆளே நிறுத்தாத அதே கட்சி.

அந்தக் கொதிப்புக்கு ஒரு முக்கியக் காரணம் வோக்டில் அணுமின் நிலையம். அதன் புதிய உலைகள் இரண்டுக்கும் ஆணையம் 2009இல் ஒப்புதல் கொடுத்தது. சுமார் 14 பில்லியன் டாலர் என்று தொடங்கிய திட்டம் 30 பில்லியனைத் தாண்டி, 2023, 2024 ஆண்டுகளில்தான் ஓடத் தொடங்கியது. கட்டி முடிக்கும் முன்பே அதன் நிதிச்செலவு வீட்டு மின்ரசீதில் ஏறிவிட்டது. நிலையம் இருப்பது பர்க் கவுண்டியில். அதன் நிழலில் இருக்கும் ஷெல் பிளஃப் என்ற குடியிருப்பில் பெரும்பாலும் கறுப்பின மக்கள்.

இப்போது நம் மரபுக்கு வருகிறேன். 1942 முதல் 1946 வரை அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினர் என்று நமக்குத் தெரியும். அந்தத் துறையின் கீழேதான் மின்சாரமும் இருந்தது என்பதை நம் மேடைகளில் சொல்வதே இல்லை. 1943 அக்டோபர் 25இல் போருக்குப் பிந்தைய மின்வளர்ச்சி பற்றிய கொள்கைக் குழுவில் அவர் பேசினார். மின்சாரம் தனியார் கையில் இருக்க வேண்டுமா அரசின் கையிலா என்ற கேள்வியை வைத்தார். இந்தியாவின் வறுமைக்கு வழி தொழில்மயம், அதற்கு மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் வேண்டும் என்பது அவர் வாதம். 1944இல் மத்திய தொழில்நுட்ப மின்வாரியம் வந்தது. 1948இல் மின்சார வழங்கல் சட்டம், அதன் வழியில் 1957 ஜூலை 1இல் நம் மின்வாரியம். சேரிக்கு விளக்கு வந்ததில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த மலிவான மின்சாரத்தின் மறுபக்கம் எண்ணூரில் வந்து விழுந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 1975க்குள் ஐந்து அலகுகளாக வந்தது, மொத்தம் 450 மெகாவாட். 2017இல் மூடப்பட்டது. 1994 முதல் அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம், பிறகு வல்லூர். கரைத்த சாம்பலைக் கொண்டுபோகும் குழாய்கள் கொசஸ்தலையாற்றைத் தாண்டிப் போகின்றன. குழாய் ஒழுகினால் ஆற்றின் அடியில் சாம்பல் படியும். இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்கு ஆற்றின் ஆழம் குறைந்தது வரைபடம் பார்த்தா தெரிய வேண்டும்? செப்பாக்கத்துக்காரர்களுக்கு ஊருக்குப் பக்கத்திலேயே சாம்பல் குட்டை. காற்று திரும்பினால் மூடிவைத்த குடத்திலும் இருக்கும்.

கட்டணம் எப்படி வைக்கப்படுகிறது என்று படித்தபோதுதான் எனக்கு இந்தச் சாம்பலின் இடம் புரிந்தது. மின்வாரியம் தன் செலவுப் பட்டியலை ஆணையத்தின் முன் வைக்கும். நிலக்கரி, அதைக் கொண்டுவந்த கப்பல், கடனுக்கு வட்டி, சம்பளம், பழுது. எது நியாயமான செலவு, எது இல்லை என்று ஆணையம் பார்க்கும். அனுமதித்த செலவை யூனிட்டுகளால் வகுத்தால் விலை. வட்டிக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. ஆற்றில் இறால் குறைந்ததற்கு வரி இல்லை. ஏனென்றால் அந்தச் செலவை வாரியம் கட்டவில்லை, காட்டுக்குப்பமும் முகத்துவாரக்குப்பமும் ஏற்கெனவே கட்டிவிட்டன. எது செலவு என்று சொல்லும் அதிகாரம்தான் அந்த நாற்காலியின் அதிகாரம். அதைத் தொழில்நுட்பம் என்று சொல்லி நம்மை ஒதுங்கி நிற்கச் சொல்கிறார்கள்.

ஜார்ஜியாவைப் போல இங்கும் தேர்தல் வேண்டும் என்று கேட்க நான் வரவில்லை. அங்கே ஓட்டு இருந்தும் ஷெல் பிளஃப் ஷெல் பிளஃப்பாகவே இருக்கிறது. ஆனால் சட்டத்தில் நமக்கு இருக்கும் சின்னக் கதவுகளையாவது தட்டியிருக்கிறோமா? 64ஆம் பிரிவின்படி, கட்டண மனுமீது பொதுமக்களின் ஆட்சேபங்களை ஆணையம் பரிசீலிக்க வேண்டும். 87ஆம் பிரிவின்படி 21 பேர் வரை கொண்ட ஆலோசனைக்குழு. வணிகர், ஆலை முதலாளிகளோடு தொழிலாளர், நுகர்வோர் சார்பிலும் அதில் ஆள் வைக்கலாம். 94ஆம் பிரிவின்படி நுகர்வோருக்காக வாதாட ஒருவரை ஆணையம் அனுமதிக்கலாம். 2022இல் கட்டணம் உயர்ந்தபோது கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் கருத்துக் கேட்டார்கள். சிறுதொழில் சங்கங்கள் கணக்கோடு வந்து பேசின. நம் அமைப்புகள் கண்டன ஆர்ப்பாட்டம் நடத்தின. நானும் கோஷம் போட்டேன். ஆட்சேப மனு எழுதவில்லை. ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் செய்திருக்கலாம் என்கிறேன்.

அண்ணன் போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கவிதைத் தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்து எழுதிய ஒரு கடிதத்தின் நகல் இருந்தது. தேதி இல்லை. பெறுநர் என்ற இடத்தில் 'மின்கட்டணம் முடிவு செய்யும் ஐயா அவர்கள்' என்று மட்டும் இருந்தது. நான் கொடுத்த அரைப்பதிலை அவர் நம்பவில்லை போலிருக்கிறது. வீட்டில் எத்தனை பல்பு, எத்தனை ஃபேன், வாரத்துக்கு எத்தனை முறை கூரையிலிருந்து சாம்பலைக் கூட்டுகிறோம் என்று வரிசையாக எழுதிவிட்டு, கூட்டுகிற கூலியை யார் பெயரில் எழுதுவது என்று கேட்டிருந்தார். மேல்தாளை அனுப்பினாரா என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.