எபிசோட் 38: "அந்த பிராண்ட் வராது தம்பி"

இந்த எபிசோட் ஒரு டயர்க் கடையில ஆரம்பிக்குது.

2020 அக்டோபர். அப்பா ரிட்டயர் ஆன காசுல ஆசைப்பட்டு வாங்கின செகண்ட் ஹேண்ட் ஜெர்மன் கார். நாலு டயரும் மொட்டை. ஐப்பசி மழை வேற ஆரம்பிச்சாச்சு. ஏற்கெனவே என்ன பிராண்ட் இருந்துச்சோ அதையேதான் போடணும்னு அப்பா ஒத்தக் கால்ல நிக்கிறார். அது ஐரோப்பாவில செஞ்சு இங்க வர்ற டயர். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல ஆரம்பிச்சு ஆறு கடை ஏறி இறங்கினேன். எல்லாரும் ஒரே பதில்தான்: "அந்த பிராண்ட் வராது தம்பி. லைசென்ஸ் பிரச்சனை."

ஏழாவது கடையில "இருக்கு"ன்னாங்க. விலை, நான் ஆன்லைன்ல பார்த்து வச்சிருந்ததைவிட கிட்டத்தட்ட பாதி அதிகம். டயரைத் திருப்பி சைடுல பார்த்தேன். ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள்ள நாலு நம்பர்: 1416. அப்படின்னா 2016-ஆம் வருஷம், 14-வது வாரம் செஞ்சது. நாலரை வருஷமா குடோன்ல தூங்கின ரப்பரை "இம்போர்ட்டட் சார், கிடைக்கிறதே கஷ்டம்"னு என் தலையில கட்டப் பார்க்கிறாங்க. செம காண்டு. வீட்டுக்கு வந்து அந்த "லைசென்ஸ் பிரச்சனை"னா என்னன்னு தேட ஆரம்பிச்சேன். அது என்னை 1936 வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு.

முதல்ல 2020-ல என்ன நடந்துச்சுன்னு பார்த்துடலாம். அந்த வருஷம் ஜூன் 12-ஆம் தேதி, மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டுச்சு. கார், பஸ், லாரி, ஸ்கூட்டர், பைக், ஏன் சைக்கிளுக்குக்கூட, புது டயர் இறக்குமதி "தாராளம்"ங்கிற பட்டியல்ல இருந்து "கட்டுப்படுத்தப்பட்டது"ங்கிற பட்டியலுக்கு மாறுச்சு. இதுக்குப் பேரு தடை இல்லை. ஆனா இனிமே ஒரு கன்டெய்னர் டயர் கொண்டுவரணும்னா முன்கூட்டியே லைசென்ஸ் வாங்கணும். எத்தனை டயருக்கு லைசென்ஸ், எப்போ கிடைக்கும்ங்கிறதை முடிவு பண்றது அரசு.

நிறைய பேர் இதைக் கல்வான் மோதலுக்கு அப்புறம் வந்த சீன எதிர்ப்பு நடவடிக்கைன்னு நினைச்சுட்டிருக்காங்க. தேதியைப் பாருங்க. கல்வான் மோதல் ஜூன் 15. இது அதுக்கு மூணு நாள் முன்னாடியே வந்தாச்சு. சீனாவுல இருந்து வந்த லாரி, பஸ் ரேடியல் டயர்மேல 2017-லயே பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டிருந்தாங்க. 2019-ல அதுக்கு மேல இன்னொரு வரி. ஆனா 2020 அறிவிப்புல எந்த நாட்டுப் பேரும் இல்லை. எல்லா நாட்டுக்கும் ஒரே பூட்டு. அதனாலதான் மலிவான சீன லாரி டயரோட சேர்ந்து அப்பாவோட ஐரோப்பிய டயரும் மாட்டிக்கிச்சு.

பெரிய அடி விலை உயர்ந்த கார்களுக்குத்தான். பி.எம்.டபிள்யூ-க்குன்னு டியூன் பண்ணின டயர்ல ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். மெர்சிடிஸுக்கு "எம்.ஓ.", ஆடிக்கு "ஏ.ஓ.". அதே மாடல், அதே சைஸ், ஆனா அந்தக் குறி உள்ளது வேற டயர். இந்த மாதிரி சரக்கு பெரும்பாலும் வெளியில இருந்துதான் வரணும். பிரெல்லிக்கு இந்தியாவில ஆலையே கிடையாது. மிஷெலினுக்கு நம்ம கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய் கண்டிகையில பெரிய ஆலை இருந்துச்சு, ஆனா அப்போ அதுல வந்தது லாரி, பஸ் டயர். "சென்னையிலயே கம்பெனி இருக்கு, கார் டயர் ஏன் கிடைக்கலை?"ன்னு அப்பா கேட்டதுக்கு அதுதான் பதில். சில வருஷம் கழிச்சு அதே ஆலையில கார் டயரும் செய்யப் போறோம்னு அவங்க அறிவிச்சாங்க. கதவைச் சாத்தினா உள்ள வந்து ஆலை போடுவாங்கன்னு அரசு கணக்குப் போடுறது இதைத்தான். அந்தக் கணக்கு அப்பப்போ பலிக்கவும் செய்யுது, அதை மறுக்க முடியாது.

இந்தக் கணக்கு புதுசு இல்லை. இப்போ பின்னாடி போகலாம்.

இந்தியாவோட முதல் டயர் ஆலை 1936-ல வங்காளத்துல, ஹூக்ளி கரையில இருக்கிற சாகாகஞ்ச்ல டன்லப் ஆரம்பிச்சது. அடுத்து பம்பாயில ஃபயர்ஸ்டோன். பிரிட்டிஷ் ஒண்ணு, அமெரிக்கன் ஒண்ணு. சந்தையில அவங்க வச்சதுதான் விலை.

அப்புறம் போர் வந்துச்சு. 1941 டிசம்பர்ல மலாயாவுல இறங்கின ஜப்பான் படை, 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூரைப் பிடிச்சுது. உலகத்தோட இயற்கை ரப்பர்ல சுமார் 90 சதவீதம் தென்கிழக்காசியாவுல இருந்து வந்துட்டிருந்த காலம். மலாயா தோட்டங்கள்ல பால் வெட்டினவங்கள்ல பெரும்பாலானவங்க நம்ம ஊர்ல இருந்து கப்பலேறின தமிழர்கள். அவங்க கதை தனி எபிசோடுக்கான விஷயம், இங்கே ரெண்டு வரியில சொல்ல மனசு வரலை. இந்தியாவுல டயருக்கு ரேஷன் வந்துச்சு. பெட்ரோலுக்கும் ரேஷன். பஸ்ஸுக்குப் பின்னாடி கரி அடுப்பு மாதிரி ஒரு உருளையை மாட்டி, அந்த வாயுவுல வண்டி ஓட்டின காலம். டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்கார் அப்போ அந்த கேஸ் பிளான்ட்டைத் தயாரிச்சு வித்தார். அவர் ஆரம்பிச்ச தொழில்கள்ல இன்னொண்ணு, தேய்ஞ்ச டயருக்கு மறுபடி ரப்பர் போடுற ஆலை.

அதுக்கு நம்ம ஊர் டிரைவர்கள் வச்ச பேர் ரீபட்டன். புது டயர் கிடைக்காத நாட்டுல ரீபட்டன் தான் ராஜா. தேய்ஞ்ச டயரோட மேல்பரப்பைச் சுரண்டி எடுப்பாங்க. உள்ளே இருக்கிற நூல் அடுக்கு நல்லா இருக்கான்னு பார்ப்பாங்க. அதுக்கு மேல ட்ரெட் ரப்பர்னு ஒரு பட்டையைச் சுத்தி, அச்சுக்குள்ள வச்சு வேக வைப்பாங்க. சூட்டுல கந்தகமும் ரப்பரும் சேர்ந்து இறுகி, புதுப் பட்டன் வந்துடும். ஒழுங்காச் செஞ்சா நல்ல டயர். உள் அடுக்கைப் பார்க்காம செஞ்சா, மே மாச வெயில்ல ரோட்டுல பட்டையா உரிஞ்சு கிடக்கும். நெடுஞ்சாலை ஓரத்துல பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கிற ரப்பர் துண்டைப் பார்த்திருப்பீங்களே, அதுல பல இப்படி உரிஞ்சதுதான்.

சுதந்திரத்துக்கு அப்புறமும் நிலைமை மாறலை. 1947-லயே இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தாச்சு. அந்நியச் செலாவணி கொஞ்சம். எதுக்குச் செலவழிக்கிறதுன்னு அரசுதான் சொல்லும். வெளியில இருந்து டயர் வர வழி குறுகலாச்சு, உள்ளே செய்றவங்க ரெண்டு மூணு பேர்.

இந்த இடத்துலதான் திருவொற்றியூர் வருது. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. வசதியான திருவிதாங்கூர் குடும்பம். 1938-ல அவங்க குடும்பத்தோட வங்கி, டிராவன்கூர் நேஷனல் அண்ட் குய்லான் பேங்க், மூடப்பட்டு, அப்பா ஜெயிலுக்குப் போனார். பையன் மெட்ராஸ்ல இருந்தார். 1946-ல திருவொற்றியூர்ல ஒரு ஷெட்டுல பலூன் செஞ்சு, பையில போட்டுத் தெருத் தெருவா வித்தார். ரீபட்டன் போடுற ஆலைகளுக்கு ட்ரெட் ரப்பரை வெளிநாட்டு கம்பெனிதான் சப்ளை பண்ணுதுங்கிறது அவர் கண்ல பட்டுச்சு. அதை நாம செஞ்சா என்னன்னு 1952-ல இறங்கினார். 1956-ல ட்ரெட் ரப்பர் சந்தையில பாதி தங்க கையில இருந்ததா எம்.ஆர்.எஃப். தன் வரலாற்றுல சொல்லுது.

புது டயர் தட்டுப்பாடு இருந்ததாலதான் ரீபட்டனுக்கு அவ்வளவு கிராக்கி. ரீபட்டனுக்குக் கிராக்கி இருந்ததாலதான் பலூன்காரர் பெரிய ஆள் ஆனார். நம்ம எம்.ஆர்.எஃப். அந்தப் பற்றாக்குறையிலதான் வளர்ந்துச்சு.

1955-ல டாரிஃப் கமிஷன் டயரோட நியாயமான விலை என்னன்னு ஆராய்ஞ்சு ஒரு அறிக்கை கொடுத்துச்சு. வெளிநாட்டு கம்பெனிகள் கையில மட்டும் இந்தத் தொழில் இருக்கக் கூடாதுங்கிற பேச்சு வலுத்துச்சு. அடுத்த சில வருஷத்துல ஆலைகள் வரிசையா வந்துச்சு. 1959-ல டன்லப் அம்பத்தூர்ல இன்னொரு ஆலை திறந்துச்சு. கேரளாவுல களமசேரியில பிரீமியர் டயர்ஸ். பம்பாய் பாண்டுப்ல சியட். 1961-ல பல்லப்கர்ல குட்இயர். எம்.ஆர்.எஃப்., அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல இருந்த மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியோட தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டு டயருக்குள்ள நுழைஞ்சுது. அந்த மான்ஸ்ஃபீல்டோட சொந்த ஊர் ஆலை 1970-கள் முடியறதுக்குள்ள மூடிட்டாங்க. சிஷ்யன் இன்னும் ஓடிட்டிருக்கான்.

நல்ல கதைதான். ஆனா கடை கவுண்டர்ல நிக்கிறவர் பக்கத்துல இருந்தும் பார்க்கணும். அம்பாசடர் வச்சிருந்தவருக்கு வேணும்கிற சைஸ் 5.90-15. பிரீமியர் பத்மினிக்கு 5.20-14. அந்த சைஸுல நாலஞ்சு பேர் செய்றாங்க, எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சாமான், எல்லாமே கிராஸ்-பிளை. நூல் அடுக்குகள் கோணலா ஒண்ணு மேல ஒண்ணு போற பழைய முறை அது. ஓடும்போது அந்த அடுக்குகள் ஒண்ணோடொண்ணு உரசும், சூடாகும், சீக்கிரம் தேயும். ரேடியல்ல நூல் நேரா, குறுக்கே போகும். மேல ஒரு எஃகுப் பட்டை. சூடு குறைவு, ஆயுசு அதிகம், ஈரத்துல பிடிமானம் நல்லா இருக்கும்.

மிஷெலின் ரேடியலுக்கு பேட்டன்ட் வாங்கினது 1946. மாம்மன் மாப்பிள்ளை பலூன் ஷெட் போட்ட அதே வருஷம். இந்தியாவுல முதல் ரேடியல் டயரை ஜே.கே. டயர் கொண்டுவந்தது 1977. நடுவுல 31 வருஷம்! நம்ம ரோடும், லாரிகள்ல ஏத்தின அளவுக்கு மீறின பாரமும் ஒரு காரணம்னு தொழில்ல இருக்கிறவங்க சொல்வாங்க, அதுலயும் உண்மை இருக்கு. ஆனா போட்டி போட வெளிச் சரக்கு இல்லாத சந்தையில, புது மெஷினுக்குக் காசு போட எவனுக்கு அவசரம்? நான் கோடு எழுதுறவன். லெகசி சிஸ்டத்தை மாத்தச் சொல்லி கஸ்டமர் கத்தலைன்னா எந்த கம்பெனியும் மாத்தாது. அன்னிக்கு கஸ்டமர் கத்தினாலும் போறதுக்கு வேற கடை இல்லை.

1991-க்கு அப்புறம் கட்டுப்பாடுகள் ஒவ்வொண்ணா தளர ஆரம்பிச்சுது. உலக வர்த்தக அமைப்புல அமெரிக்கா போட்ட வழக்குல இந்தியா தோத்துப்போக, மிச்சமிருந்த கடைசி 715 பொருட்கள் மேல இருந்த அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரல் 1-ல எடுத்தாச்சு. 2009-ல டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்னு ஒரு ஆணை வந்துச்சு. அது தரத்துக்கானது, எனக்கு அதுல புகார் இல்லை.

அப்புறம் ஒரு வழக்கு. லாரி, பஸ்ஸுக்கான கிராஸ்-பிளை டயரை ரீப்ளேஸ்மென்ட் சந்தையில கூடிப் பேசி விலை ஏத்துறாங்கன்னு அகில இந்திய டயர் டீலர்கள் கூட்டமைப்பு மத்திய அரசுகிட்ட புகார் பண்ணுச்சு. அரசு அதை போட்டி ஆணையத்துக்கு அனுப்புச்சு. விசாரிச்ச காலம் 2011-12. 2018 ஆகஸ்ட்ல ஆணையம் தீர்ப்பு எழுதினாலும், எம்.ஆர்.எஃப். சென்னை உயர் நீதிமன்றம் போனதால அது உறையிலயே கிடந்துச்சு. 2022 பிப்ரவரியில வெளிய வந்தப்போ மொத்த அபராதம் 1,788 கோடி ரூபாய். எம்.ஆர்.எஃப். 622 கோடி, அப்போலோ 425 கோடி, ஜே.கே. 309 கோடி, சியட் 252 கோடி, பிர்லா 178 கோடி. நியாயமா இன்னொண்ணும் சொல்லணும்: 2022 டிசம்பர்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி ஆணையத்துக்கே திருப்பி அனுப்பிடுச்சு. அதனால குற்றம் முடிவாயிடுச்சுன்னு யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லலை.

ஆனா எனக்கு உறுத்துற விஷயம் தேதிகள். ஆணையம் தீர்ப்பு எழுதினது 2018. அந்தத் தீர்ப்பு உறைக்குள்ள இருக்கும்போதே, 2020-ல, அதே கம்பெனிகளுக்கு வெளிநாட்டுப் போட்டியைக் குறைக்கிற அறிவிப்பு வருது. ஒரு காலத்துல டன்லப், ஃபயர்ஸ்டோன் கோட்டைக்கு வெளியில நின்னு ட்ரெட் ரப்பர் வித்த திருவொற்றியூர்க்காரர் கம்பெனி, இன்னிக்குக் கோட்டைக்கு உள்ளே.

சரி, அப்பா டயருக்கு என்ன ஆச்சு? ஏழாவது கடையில இருந்து கிளம்பி எட்டாவது கடை போனேன். அங்க இருந்த அண்ணன் அறுபது வயசுக்காரர். அவங்க அப்பா ரீபட்டன் கடை வச்சிருந்தவராம். "பிராண்டை விடு தம்பி, கார்ல டிரைவர் பக்கத்துக் கதவைத் திற, அங்க ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதைப் படி"ன்னார். படிச்சேன்: 205/55 ஆர்16, 91வி. 91-ங்கிறது லோடு இண்டெக்ஸ், ஒரு டயர் 615 கிலோ தாங்கும். "வி"ன்னா மணிக்கு 240 கிலோமீட்டர் வரைக்கும். "இந்த ரெண்டும் இதுக்குக் கீழ போகக் கூடாது. நாலும் மாத்த காசு இல்லைன்னா ஒரே ஆக்ஸில்ல ரெண்டும் ஒரே டயரா போடு. தேதியைப் பாரு." அவ்வளவுதான் அவர் லெக்சர்.

அந்த சைஸுல உள்ளூர்ல செஞ்ச டயர் ரெண்டு மாடல் வச்சிருந்தார். ஒண்ணுல தேதி 3120. ரெண்டரை மாசம் முன்னாடி செஞ்சது. நாலும் அதையே போட்டோம். அப்பா ஒரு வாரம் சரியா பேசலை. அடுத்த மாசம் கொட்டுற மழையில திருநெல்வேலி வரைக்கும் ஓட்டிட்டுப் போய், ராத்திரி போன் பண்ணி, "சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி"ன்னார்.