கரையைக் கடக்காத புயல்

வானம் பார்த்தவர்கள் – 17

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வலுவிழந்து உள்ளே நகர்ந்தபோதும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஓசூரைத் தாண்டி எங்கள் ஆனேக்கல் பக்கம் வந்தபோது அது புயலாகவே இல்லை. வெறும் தூறலும் குளிரும்தான்.

வங்கக் கடல் புயல்களின் ஆயுள் அவ்வளவுதான். கடல்நீரின் வெப்பம்தான் அவற்றுக்குத் தீனி. தரை ஏறினால் தீனியும் நின்றுவிடும், நிலத்தின் உராய்வும் வேகத்தைத் தின்றுவிடும்.

வியாழனில் ஏறுவதற்குத் தரையே கிடையாது. அங்கே சுழலும் பெருஞ்சிவப்புப் புள்ளி நம் புயல்களைப் போலத் தாழ்வழுத்தம் அல்ல, உயர் அழுத்தச் சுழல். அதன் வடக்கு விளிம்பில் ஒரு காற்றோட்டம் மேற்கே பாய்கிறது. தெற்கு விளிம்பில் இன்னொன்று கிழக்கே பாய்கிறது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே சீடை உருளுவதைப் போல அவற்றுக்கு இடையே அது உருண்டுகொண்டிருக்கிறது. பக்கத்தில் வரும் சின்னச் சுழல்களையும் விழுங்கிக்கொள்கிறது.

அதற்கு வயது என்ன? இங்கேதான் வரலாறு இடறுகிறது.

1665-ல் இத்தாலியில் இருந்த காசினி, வியாழனில் ‘நிலையான புள்ளி’ ஒன்றைக் கண்டார். 1713 வரை விட்டுவிட்டுக் குறிப்புகள் கிடைக்கின்றன. பிறகு 118 ஆண்டுகள் எதுவும் இல்லை. 1831-ல்தான் ஜெர்மனியின் ஷ்வாபே, இன்றைய புள்ளி இருக்கும் இடத்தில் மேகப்பட்டை உள்வாங்கியிருப்பதை வரைந்தார்.

அந்த இடைவெளியில் சென்னையில் வியாழனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மையத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் அங்கே எழுந்த வானாய்வகத்தின் மிச்சம் அது. கருவியைத் தாங்க நட்ட தூண். அதன் மேல் தமிழ், தெலுங்கு எழுத்துகளையும் வெட்டியிருக்கிறார்கள். அங்கே பணியாற்றிய கோல்டிங்ஹாம், வியாழனின் நிலவுகள் அதன் நிழலுக்குள் மறையும் நேரத்தைக் குறித்துச் சென்னையின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். அவருக்கு வேண்டியது அந்த நொடி. கோளின் முகத்தில் என்ன இருக்கிறது என்பது அந்த வேலைக்குத் தேவைப்படவில்லை. இன்று தமிழகத்துக்குப் புயல் எச்சரிக்கை தருவது அதே வளாகம்தான்.

பழைய ஓவியங்களை அளந்து பார்த்த ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2024-ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: காசினி கண்டது வேறு, இன்று இருப்பது வேறு. முதலாவது மறைந்துபோயிருக்க வேண்டும். அப்படியானால் இன்றைய புள்ளிக்கு வயது குறைந்தது 190. முன்னது மறைந்ததைக் குறித்துவைத்த சாட்சி ஒருவரும் இல்லை.

இப்போது இதுவும் இளைத்து வருகிறது. 1879-ல் அதன் நீளம் சுமார் 39,000 கி.மீ. 1979-ல் வாயேஜர் அளந்தபோது 23,000. 2014-ல் ஹப்பிள் கண்டது 16,500. பூமியின் விட்டம் 12,742 கி.மீ.

பல தலைமுறை வாழும் புயலின் கதையை ஒரு தலைமுறை எழுதி முடிக்க முடியாது. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொட வேண்டும். இந்த முறை அந்தச் சங்கிலி அறுபடாது. உலகெங்கும் வீட்டு மாடிகளிலிருந்து ஆர்வலர்கள் தினமும் வியாழனைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஓர் ஆர்வலர்தான் லண்டன் நகைச்சுவை நடிகர் வில் ஹே. 1933-ல் சனிக் கோளில் கிளம்பிய வெள்ளைப் புயலை அவர் கண்டுபிடித்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)