உயர் அழுத்த, உயர் வெப்ப வடிகட்டல் கருவி: பாதுகாப்பு விதிகளின் வரலாறு

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் துளையிடும்போது துளைக்குள் ஒருவகைச் சேற்றுக் குழம்பு தொடர்ந்து செலுத்தப்படுகிறது. இது துளையிடு சேறு எனப்படும். உடைந்த பாறைத் துகள்களை மேலே கொண்டுவருவது, துளைமுனையைக் குளிர்விப்பது, நிலத்தடி அழுத்தத்தைத் தாங்கி நிற்பது ஆகியவை இதன் பணிகள். இச்சேற்றிலுள்ள நீர் பாறைக்குள் எவ்வளவு கசியும் என்பதை, ஆழ்கிணற்றில் நிலவும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் உண்டாக்கி அளப்பதே உயர் அழுத்த, உயர் வெப்ப வடிகட்டல் கருவி. இதை இயக்கும் விதிகள் பலவற்றின் வேர் 17ஆம் நூற்றாண்டின் ஒரு சமையல் கலனில் இருக்கிறது.

பாப்பினின் கலன்

பிரான்சு நாட்டவரான டெனிஸ் பாப்பின், 1679-இல் இலண்டன் அரச கழகத்தில் மூடிய உலோகக் கலன் ஒன்றைக் காட்டினார். நீராவி வெளியேற வழியில்லாததால் உள்ளே அழுத்தம் உயர்ந்தது; நீரின் கொதிநிலையும் 100 பாகை செல்சியசைத் தாண்டியது. கடினமான எலும்புகளும் அதில் மென்மையாயின. ஆனால் அழுத்தம் எல்லை மீறினால் கலன் வெடித்துவிடும். எனவே பாப்பின் அதில் ஒரு துளை இட்டு, நெம்புகோலில் தொங்கும் எடையால் அதை அடைத்தார். அழுத்தம் மிகும்போது எடை உயர்ந்து நீராவி வெளியேறும். இன்று வீட்டுக் குக்கரின் மூடியில் வைக்கும் 'வெயிட்' இதே தத்துவத்தில் இயங்குகிறது.

சட்டமாக மாறிய பாடம்

நீராவி இயந்திரங்கள் பெருகிய காலத்தில் கொதிகலன் விபத்துகளும் பெருகின. 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிராக்டன் நகரிலிருந்த காலணித் தொழிற்சாலை ஒன்றில் கொதிகலன் வெடித்தது. கட்டடம் இடிந்து தீப்பற்றியதில் 58 பேர் மாண்டனர். கொதிகலன்களை எவ்வாறு கட்ட வேண்டும் என்று அம்மாநிலம் 1907-இல் சட்டம் செய்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1911-இல் அமைத்த குழு, கொதிகலன் விதித்தொகுப்பு ஒன்றை உருவாக்கியது. அதன் 1914ஆம் ஆண்டுப் பதிப்பு 1915-இல் அச்சில் வந்தது. உலோகத்தின் தடிமன், இணைப்புகளின் வலிமை, பாதுகாப்பு வால்வு ஆகியவை செய்பவரின் விருப்பத்துக்கு விடப்படாமல் கணக்குக்கு உட்பட்டன.

ஆய்வகத்திற்கு வந்த அழுத்தம்

டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்பிண்டில்டாப்பில் 1901-இல் எண்ணெய் பீறிட்ட கிணறு, சேற்றைப் பயன்படுத்தித் துளையிடப்பட்டதாகும். பின்னர்க் கிணறுகள் ஆழமாக ஆக, சேற்றை ஆய்வகத்தில் சோதிக்கும் முறைகள் உருவாயின. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் அவற்றைத் தரப்படுத்தியது. எளிய சோதனையில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு மட்டுமே. உயர் வெப்பச் சோதனையில் பொதுவாக 300 பாகை பாரன்ஹீட்டில் (149 பாகை செல்சியசு), எஃகுக் கலத்தின் மேற்புறம் 600 பவுண்டும் கீழ்ப்புறம் 100 பவுண்டும் அழுத்தம் தரப்படும். இடையிலுள்ள 500 பவுண்டு வேறுபாடே நீரை வடிதாள் வழியே தள்ளுகிறது. வடிந்த நீர் 30 நிமிடங்களுக்குச் சேகரிக்கப்படும்.

விதிகளும் காரணங்களும்

கீழ்ப்புறத்து 100 பவுண்டு எதற்கு? அந்த வெப்பநிலையில் சாதாரணக் காற்றழுத்தத்துக்குள் வரும் நீரின் ஒரு பகுதி உடனே ஆவியாகும். நீர் 100 பாகை செல்சியசில் நீராவியானால் அதன் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்காகும். அளவு பிழைபடும், இயக்குபவரின் கையும் வெந்துவிடும். எதிர் அழுத்தம் நீரை நீராகவே வைத்திருக்கிறது. இது பாப்பின் கண்ட உண்மையே.

கலத்தைச் சேற்றால் விளிம்புவரை நிரப்பக் கூடாது. சூடேறும் திரவம் விரிவடைய இடமில்லையெனில் அழுத்தம் கட்டுக்கடங்காமல் உயரும். அழுத்தம் தர நைட்ரஜன் அல்லது கரியமில வாயுவைப் பயன்படுத்தலாம். நைட்ரஸ் ஆக்சைடு குப்பிகளை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. உயர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் அவ்வாயு கிரீசு, எண்ணெய் போன்றவற்றுடன் சேர்ந்து வெடிக்கக்கூடும். கலத்தில் விரிசலோ அரிப்போ உள்ளதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். வெப்பத்தால் இறுகிய ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும்.

மிகவும் கவனம் தேவைப்படும் கட்டம் சோதனை முடிந்த பின்பே வருகிறது. வால்வுகளை மூடி, வாயு இணைப்பைக் கழற்றியதும் அழுத்தமானி சுழியைக் காட்டும். அந்த எண் குழாயின் நிலையை மட்டுமே சொல்கிறது. மூடிய கலத்துக்குள் சில நூறு பவுண்டு அழுத்தம் இன்னும் இருக்கும். கலம் நன்கு ஆறிய பிறகே அதன் அழுத்தத்தை மெதுவாக வெளியேற்ற வேண்டும். நடுவில் படிந்த சேற்றுப் படலம் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிரித்திருக்கும் என்பதால் இரு வால்வுகளையும் திறந்து பார்ப்பது அவசியம். காற்று வரவில்லை என்பதால் மட்டும் கலம் வெறுமையானது என்று கொள்ளலாகாது. வால்வின் துளையைச் சேறு அடைத்திருக்கலாம். அந்த அடைப்பை நீக்கி, அழுத்தம் முழுதும் போனதை உறுதிசெய்யும்வரை மூடியின் திருகாணிகளைத் தொடக் கூடாது.