இடிதாங்கியும் நம் இல்லமும்

கிள்ளான் ஆறு மலாக்கா நீரிணையோடு கலக்கும் கழிமுகத்தில் அமைந்திருப்பது போர்ட் கிள்ளான். 1901ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரோடு திறக்கப்பட்டு, 1972ஆம் ஆண்டில் இன்றைய பெயரைப் பெற்ற துறைமுகம் இது. இங்கு வாழ்வோர்க்கு இடியும் மின்னலும் அன்றாடம் பழகிய அண்டை வீட்டாரைப் போன்றவை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓராண்டின் 365 நாட்களில் ஏறத்தாழ 200 நாட்கள் இடி முழங்குகிறது. இத்துணை இடி முழங்கும் நிலப்பகுதிகள் உலகில் மிகச் சிலவே.

இதற்குக் காரணம் என்ன? பகல் வெயிலில் நிலம் சூடேறுகிறது. கடலிலிருந்து ஈரக்காற்று உள்நோக்கி வீசுகிறது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் அக்காற்றை மேலே தள்ளுகிறது. பிற்பகலில் கருமேகம் திரண்டு இடியாய் முழங்குகிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது மிகுதி. இஃதன்றி, நீரிணைக்கு அப்பாலிருந்து விடியற்காலையில் சீறிவரும் 'சுமத்திரா' என்னும் புயற்காற்றும் உண்டு. பால் வெட்டப் புறப்படுவோரும் படகேறி மீன்பிடிக்கச் செல்வோரும் அதனை நன்கு அறிவர்.

இடி இடிக்கும்போது "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லும்படி நம் பாட்டிமார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தனர். நடுங்கும் பிள்ளையின் மனத்துக்கு அது துணையாயிற்று. பிள்ளையையும் வீட்டையும் ஒருங்கே காக்கும் வழி எவ்வாறு கிடைத்தது, அவ்வழி இடையில் எங்கெங்கே தடம் மாறியது என்பதையே இன்று நாம் காண இருக்கிறோம்.

மின்னல் என்பது மின்சாரமே என்று ஐயமறத் தெரிந்தது 1752ஆம் ஆண்டில். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின் அதற்கான சோதனை முறையை எழுதி வெளியிட்டிருந்தார். அவ்வாண்டு மே மாதம் 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் மார்லி என்னும் ஊரில் அச்சோதனை வெற்றி பெற்றது. பிராங்க்ளின் ஆண்டுதோறும் ஒரு பஞ்சாங்கம் அச்சிட்டு விற்றுவந்தார். அதன் 1753ஆம் ஆண்டுப் பதிப்பில், வீட்டை மின்னலிலிருந்து காக்கும் முறையை எளிய மக்களுக்கும் விளங்குமாறு எழுதினார்.

அவர் சொன்னது இதுதான்: ஓர் இரும்புக் கம்பியின் ஒரு நுனி, ஈர மண்ணுக்குள் மூன்று நான்கு அடி ஆழம் இறங்க வேண்டும். மறு நுனி, வீட்டின் உச்சிக்கு மேல் ஆறு முதல் எட்டடி உயர்ந்து நிற்க வேண்டும். வீடு நீளமானதாயின், இரு முனைகளிலும் கம்பி வைத்து, முகட்டின் வழியாக அவற்றை இணைக்க வேண்டும். ஈர மண், தொடர்ந்து செல்லும் பாதை, கட்டடத்தின் முனைகள் ஆகிய மூன்றையும் அப்போதே அவர் குறிப்பிட்டுவிட்டார்.

தமிழில் இக்கருவிக்கு 'இடிதாங்கி' என்று பெயர். மிகப் பொருத்தமான பெயர்! இடியை விரட்டுவதோ தடுப்பதோ இதன் வேலையன்று. விழுகின்ற இடியைத் தான் தாங்கி, வீட்டுக்குத் தீங்கின்றி மண்ணில் இறக்கிவிடுவதே இதன் வேலை. பாதை நடுவில் அறுந்துபோனால், மின்னல் சுவரையும் மரச்சட்டத்தையும் பிளந்து தானே வழி தேடிக்கொள்ளும்.

ஆனால் மக்களின் கவனம் மண்ணுக்குச் செல்லவில்லை. கம்பியின் நுனிக்கே சென்றது. நுனி கூராக இருக்க வேண்டுமா, உருண்டையாக இருக்க வேண்டுமா என்று இங்கிலாந்தில் பெரும் வழக்காடல் எழுந்தது. பர்ஃப்ளீட் என்னும் ஊரிலிருந்த வெடிமருந்துக் கிடங்குகளுக்குக் கூர்நுனிக் கம்பிகள் பொருத்தப்பட்டன. 1777ஆம் ஆண்டு மே மாதம் அங்கிருந்த அலுவலகக் கட்டடத்தின் மீது மின்னல் விழுந்தது. கம்பியை விட்டு விலகி, கைப்பிடிச் சுவரின் மூலைக் கல்லைப் பிணைத்திருந்த இரும்புப் பட்டையில் அது தாக்கியது. சேதம் சிறிதே, சர்ச்சையோ பெரிது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் உருண்டை நுனியின் பக்கம் சேர்ந்தார். பிராங்க்ளினோ அப்போது போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கரின் தலைவர்களுள் ஒருவர். அறிவியல் வாதத்தில் அரசியல் கலந்தது. மின்னல் ஏன் மூலையைத் தாக்கியது என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1894ஆம் ஆண்டில் ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கி ஒன்றை இயக்கினர். இந்நாட்டில் மின்சாரத்தின் தொடக்கம் அதுவே என்பர். பத்துமலைக் கோயிலோடு சேர்த்து நாம் நினைவுகூரும் அதே தம்புசாமிப் பிள்ளைதாம் இவர். 1949இல் மத்திய மின்சார வாரியம் தோன்றியது. 1965இல் தேசிய மின்சார வாரியமாகப் பெயர் மாறியது. 1990இல் தெனாகா நேஷனல் அதன் பணியை ஏற்றது. மின்சாரம் சிற்றூர்களையும் தோட்டத்து லயன்களையும் எட்டியது.

வெளிச்சம் வந்த அதே கம்பி வழியே மின்னலுக்கும் ஒரு வாசல் திறந்தது. அத்தாப்புக் கூரை வீட்டில் வாழ்ந்தவர் கூரைக்கு மட்டும் அஞ்சினார். இன்றோ தொலைவில் விழும் மின்னலும் மின்கம்பி வழியாகவோ தொலைபேசிக் கம்பி வழியாகவோ வீட்டினுள் நுழைந்து, தொலைக்காட்சியையும் குளிர்பெட்டியையும் கணினியையும் பாழாக்கிவிடுகிறது.

இதே காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாடிக் கட்டடங்கள் பெருகின. முன்கூட்டியே மின்னலை எட்டிப் பிடித்துப் பெரும்பரப்பைக் காக்கும் என்ற விளம்பரத்தோடு, தனித்த சிறப்புக் கம்பிகள் விற்பனைக்கு வந்தன. ஹர்த்தோனோ, ரோபியா என்னும் நம் நாட்டு ஆய்வாளர் இருவர் இக்கட்டடங்களை ஆண்டுக்கணக்கில் படம் பிடித்து ஆராய்ந்தனர். சிறப்புக் கம்பி நட்ட கட்டடங்களிலும் மூலைகளும் விளிம்புகளும் மின்னலால் உடைந்திருந்ததை அவர்தம் படங்கள் காட்டின. 1995ஆம் ஆண்டில் தம் முடிவுகளை அறிஞர் அவையில் வைத்தனர். 2005இல் அனைத்துலக மின்னல் பாதுகாப்பு மாநாட்டின் அறிவியல் குழுவும் இத்தகைய கருவிகள் குறித்து எச்சரித்தது. மூலைகளிலும் விளிம்புகளிலும் கம்பி அமைய வேண்டும் என்பதை 2006இல் வெளியான அனைத்துலகத் தரமும் வலியுறுத்துகிறது. பர்ஃப்ளீட் மூலைக் கல் சொன்ன பாடத்தை, நம் கோலாலம்பூர்க் கட்டடங்கள் மீண்டும் உலகுக்குச் சொல்லின.

இவ்வரலாற்றிலிருந்து நம் இல்லத்துக்கு என்ன கொள்வது? முதலாவது, கண்ணுக்குத் தெரியாத மண்தொடர்பைக் கவனிப்பது. 'எர்த்' என்று நாம் சொல்லும் கம்பி, மின்பெட்டியிலிருந்து மண்ணில் புதைத்த செம்புக்கோலுக்குச் செல்கிறது. போர்ட் கிள்ளானின் உவர்ச் சேறு மின்சாரத்தை எளிதில் ஏற்கும். அது நமக்கு நன்மை. ஆனால் அந்த உப்பே உலோகத்தை அரிக்கும், அது தீமை. ஆகவே, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் இணைப்பை அவ்வப்போது சோதிப்பது நலம்.

இரண்டாவது, மின்கசிவுத் துண்டிப்பான். மின்னல் நேரத்தில் இது அடிக்கடி விழுந்துவிடுகிறது என்று சலித்து, அதனை நீக்கிவிட்டு நேர் இணைப்புக் கொடுப்போர் உண்டு. இது உயிரோடு விளையாடும் செயல். அக்கருவி மின்னலைத் தடுக்காது என்பது உண்மையே. எனினும், பழுதான கருவியிலிருந்து கசியும் மின்சாரம் நம் உடலில் பாயும்போது, நொடிக்குள் அதைத் துண்டிப்பது அதுவே. குளியலறை வெந்நீர்க் கருவிக்கு 10 மில்லி ஆம்பியர் அளவுள்ள துண்டிப்பான் வேண்டும். சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்போம். ஓயாது விழுமானால் மின்பணியாளரை அழைத்துக் காரணத்தைக் கண்டறிவோம். மின்னெழுச்சியைத் தணிக்கும் தனிக் கருவியை மின்பெட்டியில் பொருத்தலாம். அதற்கும் நல்ல எர்த் இருந்தால்தான் பயன். மேகம் திரளும்போதே பிளக்குகளைக் கழற்றிவிடுவது செலவில்லாக் காப்பு. இடி தொடங்கிய பின் அவற்றைத் தொடலாகாது.

மூன்றாவது, ஆட்களின் பாதுகாப்பு. மின்னலைக் கண்டபின் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என எண்ணலாம். 30 நொடிக்குள் இடி கேட்டால் உடனே வீட்டுக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ செல்ல வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். பந்துத் திடலும் தனிமரத்தடியும் சுவரற்ற குடிலும் புகலிடமாகா. மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. அவரைத் தொட அஞ்ச வேண்டாம். 999 எண்ணை அழைத்து, மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் மீட்கப்பட்ட உயிர்கள் பல.

மழை வருமுன் கூரையைப் பார்ப்பது நம் வழக்கம். இனி எர்த் கம்பி மண்ணில் இறங்கும் இடத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோமாக.