கொடுத்தாரா, கொட்டுவித்தாரா?

மதுரைக்குப் பக்கத்தில மாங்குளம். அங்குள்ள மலைக் குகைகளில் சமண முனிவர்களுக்கான கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. ராபர்ட் சூவெல் 1882இல் கண்டவை. மொழி தமிழ்தான் என்று 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். ஐராவதம் மகாதேவன் இவற்றை கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்.

அதில ஒன்று, கணி நந்தாசிரியன் என்ற முனிவருக்காக நெடுஞ்செழியனின் பணவன் (பணியாள்) கடலன் வழுதி 'கொட்டுபித்தஅ பளிஇய்' என்று முடிகிறது. பளி என்பது பள்ளி. கொட்டுபித்த?

சிக்கல் எழுத்தில இருக்கு. அந்தக் காலத்தில் புள்ளி இல்லை. இரட்டை மெய்யைப் பல இடங்களில் ஒற்றையாகவே எழுதினார்கள். அதே மலையில் இன்னொரு கல்வெட்டு 'கொடுபிதோன்' என்கிறது. கொடுப்பித்தோன் என்றும் படிக்கலாம், கொட்டுபித்தோன் என்றும் படிக்கலாம். முதலாவது தானம் கொடுக்கச் செய்தவன். இரண்டாவது, உளி கொட்டிப் பாறையைக் குடையச் செய்தவன்.

அம்பிட்டியவில இருக்கிற எங்களுக்கு முதலில் 'கொடு' என்றுதான் படும். காரணம் இலங்கைக் குகைகள். பரணவிதான 1970இல் தொகுத்த பிராமிக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேல. பெரும்பாலும் 'இன்னாருடைய குகை, சங்கத்துக்கு' என்ற ஒரே பாட்டுத்தான். சிலவற்றில் 'தினெ', அதாவது கொடுக்கப்பட்டது, என்ற சொல்லும் வரும். குகை என்றாலே தானம் என்று கண் பழகிவிடுகிறது.

தெரியாத வினைக்குப் பக்கத்துச் சொற்கள்தான் சாட்சி. ஹிட்டைட் மொழியை 1915இல் ஹ்ரோஸ்னி அப்படித்தான் உடைத்தார். ஒரு வாக்கியத்தில் ரொட்டிக்கான குறியீடு இருந்தது, 'வாதர்' என்று தண்ணீர் போல ஒரு சொல்லும் இருந்தது. அப்ப 'எகுத்தேனி' குடிப்பீர்கள் என்றுதானே வரவேண்டும்!

மாங்குளத்திலும் அப்படிப் பார்ப்போம். 'தம்மம் இத்தாஅ' என்று அதே வாக்கியத்தில் முன்னாலேயே வருகிறது. அதை 'ஈத்த தர்மம்' என்று கொண்டால் கொடுத்த கதை அங்கேயே முடிந்துவிட்டது. ஜம்பைக் கல்வெட்டில் (1981இல் கிடைத்தது) அதியமான் நெடுமான் அஞ்சி பள்ளி கொடுத்ததற்கும் 'ஈத்த' என்பதுதான் சொல். நேரடியாகக் கொடுக்க '-பி-' எதற்கு?

எங்களுக்குப் பிடித்தது அந்த '-பி-'தான். படிக்கிறவர் மாணவர், படிப்பிக்கிறவர் ஆசிரியர் என்று நாங்க தினமும் கதைக்கிற அதே உருபு. வழுதி கொட்டவில்லை, கொட்டுவித்தான். அப்ப கொட்டினது யார்? பெயர் இல்லை. மலைநாட்டில 'துரை போட்ட ரோட்டு' என்று சொல்லும்போது அந்த உருபு கூட மிஞ்சுவதில்லை. கல் உடைச்ச எங்கட ஆக்கள் மொத்தமாகவே காணாமல் போயிடுவார்கள். மாங்குளத்தில் பாறையைக் குடைந்தவர், பெயர் இல்லாமலேயே, ஓர் எழுத்துக்குள்ள இருக்கிறார்.

'கொடுபிதோன்' மட்டும் இன்னும் இழுபறி. அது வெள்ளறை வணிகர் குழுவைச் சேர்ந்த காவிதி பற்றியது. அவர் குழுவிடம் சொல்லிக் கொடுக்க வைத்திருக்கலாம், அதனால் கொடுப்பித்தோன் என்பதும் நிற்கும். ஆனால் அதே மலை, அதே முனிவர், அதே பாறை வேலை. எங்கட வாக்கு கொட்டுவித்தோனுக்கே.